பிஸ்கட்டவேயில் ஒரு கமெலான்

ராரிட்டன் ஆற்றங்கரையில் 1666-இல் ஒரு சிறு குடியேற்றமாகத் தோன்றி, இன்று தமிழும் தெலுங்கும் குஜராத்தியும் கடைகண்ணிகளில் தாராளமாகக் காதில் விழும் பிஸ்கட்டவே என்னும் இந்த நியூ ஜெர்ஸி ஊரைப் பற்றி நம்மவர் பேசத் தொடங்கினால், பேச்சு வீட்டு விலையில் ஆரம்பித்து, பள்ளிக்கூடங்களின் தரத்தைத் தொட்டு, ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் வந்து முடிந்துவிடும். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததாய் இவ்வூரில் இருந்த லிவிங்ஸ்டன் கல்லூரியில், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஆசிரியையாக இருந்த ஒரு பெண்மணி, எஃகுப் பட்டைகளையும் காலித் தகர டப்பாக்களையும் மோட்டார் காரின் சக்கர மூடிகளையும் சேர்த்து ஜாவா தேசத்துக் கமெலான் வாத்தியத் தொகுதி ஒன்றைத் தம் கையாலேயே நிர்மாணித்தார் என்பதும், அதே பெண்மணி கர்நாடக வயலின் பயின்று, கர்நாடக சங்கீத சம்பிரதாயத்தை ஆராய்ந்தே டாக்டர் பட்டம் பெற்றவர் என்பதும் இங்கே குடியிருக்கும் தமிழரில் அநேகருக்குத் தெரியாத செய்திகள். தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் என்பது என் அபிப்பிராயம்.

அவர் பெயர் பார்பரா பெனரி. 1946-இல் பிறந்து 2019-இல் மறைந்தார். நியூயார்க்கை அடுத்த ஸாரா லாரன்ஸ் கல்லூரியில் முதலில் படித்தார். 1926-இல் பெண்களுக்கென்றே தொடங்கப்பட்ட அக்கல்லூரி 1968 வரையில் அப்படியே இருந்தது. பிறகு கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். கர்நாடக சங்கீதமும் ஜாவானிய கமெலானும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்ட, அக்காலத்தில் உலகத்திலேயே மிக அபூர்வமான இடம் அது. 1973-இல் அங்கே பட்டம் பெற்று லிவிங்ஸ்டன் கல்லூரிக்கு ஆசிரியையாக வந்தவர், வெஸ்லியனைச் சேர்ந்த டென்னிஸ் மர்பி என்பவர் பழைய உலோகங்களைக் கொண்டு கமெலான் செய்த முறையைப் பின்பற்றித் தாமும் ஒன்றைச் செய்தார். உடன் வேலை பார்த்த பிலிப் கார்னர், டேனியல் குட் என்னும் இரு சங்கீத கர்த்தாக்களோடு சேர்ந்து, 1976-இல் 'கமெலான் சன் ஆஃப் லயன்' என்ற குழுவை நிறுவினார். ஜாவாவின் பழைய உருப்படிகளை அப்படியே ஒப்பிப்பதோடு நில்லாமல், அந்த வாத்தியங்களுக்கென்றே புதிய உருப்படிகளை இயற்றி வாசித்தது அக்குழுவின் விசேஷம். நமது மகாபாரதத்துக் கர்ணனைக் கதாநாயகனாக வைத்து, ஜாவாவின் நிழற்பாவைக் கூத்து முறையில் அவர் ஓர் இசை நாடகமும் எழுதினார்.

கல்லூரி அமைந்த இடத்தின் கதையும் சுவையானது. லிவிங்ஸ்டன் வளாகம் இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் சிப்பாய்கள் தங்கிய காம்ப் கில்மர் என்னும் ராணுவ முகாமின் நிலம். அங்கே 1969-இல் திறக்கப்பட்ட லிவிங்ஸ்டன் கல்லூரிதான் ரட்கர்ஸ் விடுதிக் கல்லூரிகளில் ஆணும் பெண்ணும் தொடக்கம் முதலே சேர்ந்து படித்த முதற்கல்லூரி. ரட்கர்ஸ் பிறந்தபோது அதற்கு இட்ட பெயர் 'ராணியின் கல்லூரி'. 1766-இல் ஒரு மகாராணியின் பெயரைத் தாங்கிப் பிறந்த கலாசாலை, 1825-இல் அப்பெயரைக் கழற்றிவிட்டது ஒருபுறம் இருக்க, தன்னுடைய மூலக் கல்லூரிக்குள் ஸ்திரீகளை மாணவிகளாக அனுமதிக்க 1972 வரையில் யோசித்துக்கொண்டே இருந்தது. நடுவே 1918-இல், மேபல் ஸ்மித் டக்ளஸ் என்னும் மாதரசியின் விடாமுயற்சியால் ஆற்றின் அக்கரையில், நியூ பிரன்ஸ்விக்கில், பெண்களுக்குத் தனிக் கல்லூரி ஏற்பட்டது. நமது சென்னை கடற்கரையில் 1914-இலேயே பெண்களுக்கான கல்லூரி தொடங்கப்பட்டு, பின்னர் ராணி மேரியின் பெயரைப் பெற்றதை நினைத்துப் பார்த்தால், ராணியின் பெயரை வைப்பதில் மட்டுமல்ல, அதற்கு நியாயம் செய்வதிலும் சென்னை முந்திக்கொண்டது என்று நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். லிவிங்ஸ்டன் வளாகத்தின் கட்டடம் ஒன்றுக்கு லூஸி ஸ்டோன் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. வாக்குரிமை இல்லாத பெண்ணிடம் வரி கேட்பது என்ன நீதி என்று 1858-இல் இதே மாநிலத்து ஆரஞ்சு நகரில் வரி கட்ட மறுத்து, வீட்டுச் சாமான்கள் ஏலம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அம்மையார் அவர்.

கமெலான் என்பது தனி வாத்தியம் ஒன்றின் பெயரன்று. வெண்கலத்தால் ஆன பெரிய தொங்கு கோங்குகள், பானைபோல் கவிழ்த்து வரிசையாக அடுக்கிய சிறு கோங்குகள், கட்டைச் சட்டத்தின் மேல் பரப்பிய உலோகப் பட்டைகள், மத்தளம், ரெபாப் என்னும் இரண்டு தந்தி வில் வாத்தியம், புல்லாங்குழல் எல்லாம் சேர்ந்த ஒரு குடும்பம் அது. ஒரு குடும்பத்து வாத்தியத்தைப் பிறிதொரு குடும்பத்தோடு கலந்து வாசிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் சுருதி வேறு, அரண்மனைக் கமெலான்களுக்குப் பெரியவர்களுக்கு உரிய மரியாதைப் பட்டத்தோடு கூடிய பெயரும் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் முன்னே அமர வேண்டும். வாத்தியத்தைத் தாண்டி நடப்பது அபசாரம். இதையெல்லாம் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஐந்து ஸ்வரங்கள் உடைய ஸ்லெந்திரோ, ஏழு ஸ்வரங்கள் உடைய பெலோக் என்று இரண்டு சுருதி முறைகள் உண்டு; ஸ்லெந்திரோவை முதன்முதலில் கேட்கும் தமிழ்க் காது மோகனத்தைத் தேடும், சற்று நேரத்தில் மோகனம் நழுவிப் போய்விட்டதையும் உணரும், ஏனென்றால் அதன் ஸ்வர இடைவெளிகள் ஏறக்குறைய சமமானவை. மற்றொரு வித்தியாசமும் உண்டு. நம் தாளத்தில் கனமான தட்டு ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில், சமத்தில், விழுகிறது. ஜாவாவின் பெரிய கோங்கோ ஒரு சுற்று முடியும் கடைசித் தருணத்தில்தான் ஒலிக்கும்.

அந்தக் குடும்பத்தில் கெந்தேர் என்று ஒரு வாத்தியம் உண்டு. மெல்லிய பட்டைகள் கயிற்றில் கோத்துத் தொங்கவிடப்பட்டிருக்க, ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழாய் நின்று நாதத்தை ஏந்திக்கொள்ளும். வாசிப்பவர் இரு கைகளிலும் துணி சுற்றிய வட்டத் தலைக் கோலைப் பிடித்து, இரு வேறு சஞ்சாரங்களை ஒரே சமயத்தில் வாசிக்க வேண்டும். அடித்த பட்டை தானாக ஓயாது. ஆகவே அடுத்த ஸ்வரத்தைத் தட்டும் அதே கணத்தில், மணிக்கட்டைச் சற்றே சாய்த்து, உள்ளங்கையின் ஓரத்தால் முந்தின பட்டையைத் தொட்டு அதன் நாதத்தை அடக்க வேண்டும். ஒரு கை செய்கிற இவ்விரண்டு வேலைகளையும் மற்றக் கையும் வேறு கணக்கில் செய்துகொண்டிருக்கும். வீணையில் வலக்கை மீட்டலும் இடக்கைக் கமகமும் ஒன்றையொன்று அறிந்து நடப்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு, கெந்தேரை வாசிப்பவரின் முகத்தில் தெரியும் அந்தக் கவனமும் நிதானமும் அந்நியமாகத் தோன்றா.

இந்தக் கெந்தேரை ஜாவாவின் கிராமங்களில், நிழற்பாவைக் கூத்து நடக்கும் இரவு முழுவதும், வாசித்து வந்தவர்கள் பெரும்பாலும் கூத்தை நடத்தும் தலாங் என்பவரின் மனைவியோ தாயோ சகோதரியோ ஆவர். அந்த வித்தையைக் குடும்பத்தின் மூத்த ஸ்திரீகளிடமிருந்து கேள்வி ஞானமாகவே அவர்கள் பெற்றார்கள். கதை எந்த இடத்தில் திரும்பும், எந்தப் பாத்திரத்துக்கு எந்த மனோபாவம், எப்போது தலாங் குரலை உயர்த்துவார், எங்கே மூச்சு வாங்குவார் என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தாலன்றி விடியும்வரை அவருக்குத் துணை வாசிக்க முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950-இல் சுராகர்த்தா நகரில் அரசாங்கம் கமெலான் கலாசாலையை ஏற்படுத்தியபோது, பாடத்திட்டமாக எழுதப்பட்டது பெரும்பாலும் ஆடவர் வாசிப்பு முறையே. கிராமத்துப் பெண்களின் வாசிப்பு முறை 'பெண் பாணி' என்று பிரித்துச் சொல்லப்பட்டு, வகுப்பறைக்கு வெளியே நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் ஒரு வித்தையை வாழ வைக்க வருகிறபோதே, அதை அதுவரை காத்து வந்தவர்களை வாசலில் நிறுத்திவிடவும் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தோனேசியாவில் பெண் கல்வி என்றதும் எல்லோர் வாயிலும் வரும் பெயர் கார்த்தினி. 1879 ஏப்ரல் 21-ஆம் தேதி, ஜாவாவின் வட கடற்கரையில் ஜெபாராவைச் சார்ந்த பிரதேசத்தில், பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் ஜெபாராவின் ரீஜெண்டு என்னும் அதிகாரி. பெண் குழந்தைகளுக்கு அக்காலத்தில் கிடைக்காத சலுகையாக டச்சுப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பப்பட்ட கார்த்தினி, பன்னிரண்டு வயது ஆனதும், குல வழக்கப்படி, கல்யாணம் ஆகிற வரையில் வீட்டுக்குள்ளேயே இருத்தப்பட்டார். அந்த நாலு சுவர்களுக்குள் இருந்துகொண்டு, கற்ற டச்சு பாஷையிலேயே, ஹாலந்து தேசத்துச் சிநேகிதிகளுக்குக் கடிதம் எழுதினார். பலதார மணத்தைப் பற்றியும், பெண்கள் படிக்க வேண்டிய அவசியத்தைப் பற்றியும், ஜெபாராவின் மரச் சிற்பிகளைப் பற்றியும் எழுதிய அக்கடிதங்களில், தம் வீட்டு முன்மண்டபத்தில் ஒலிக்கும் கமெலானைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கல்வி வேண்டும் என்று அந்நிய பாஷையில் அவர் மன்றாடிக்கொண்டிருந்த வேளையில், வீட்டின் முன்கட்டில் வேறொரு கல்வி சப்தமிட்டுக்கொண்டிருந்தது.

கார்த்தினி 1903-இல் ஜெபாராவில் தம் வீட்டிலேயே பெண் குழந்தைகளுக்குச் சிறு பள்ளி நடத்தினார். அவ்வாண்டு நவம்பரில் ரெம்பாங் ரீஜெண்டுக்கு வாழ்க்கைப்பட்டார். 1904 செப்டம்பர் 17-ஆம் தேதி, ஆண் மகவு ஈன்ற நாலாம் நாள், இருபத்தைந்தே வயதில் இறந்துபோனார். கடிதங்கள் 1911-இல் புத்தகமாக வந்தன. அடுத்த ஆண்டு ஸெமாராங்கில் அவர் பெயரால் பெண்கள் பள்ளி தோன்றியது. அவர் மறைந்த அதே 1904-இன் ஜனவரி மாதம், மேற்கு ஜாவாவின் பாண்டுங் நகரில் தேவி சார்த்திகா என்னும் ஸுந்தானியப் பெண்மணி தம் பள்ளியைத் தொடங்கியிருந்தார். சிறு வயதில் ஓட்டுச் சில்லையும் அடுப்புக் கரியையும் வைத்து வேலைக்காரர்களின் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் என்று அவரைப் பற்றிக் கூறுவார்கள். ஆனால் நாட்டுப் பிரசித்தி கார்த்தினிக்கே போய்ச் சேர்ந்தது. 1964-இல் ஜனாதிபதி சுகர்ணோ அவரைத் தேசிய வீரர் என்று பிரகடனம் செய்தார். ஏப்ரல் 21 வந்தால் பள்ளிச் சிறுமிகள் பழைய உடை உடுத்து அவரைப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டுக்கு மெட்டமைத்தவர் இந்தோனேசிய தேசிய கீதத்தை இயற்றிய ஸுப்ரத்மான்.

கார்த்தினி பிறப்பதற்கு ஏறத்தாழ ஐந்தரை மாதங்களுக்கு முன்னர், 1878 நவம்பரில், மைசூர் ராஜ்யத்தின் நஞ்சன்கூட்டில் பிறந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாததற்குக் காரணம் ஒன்று உண்டு. கார்த்தினி பள்ளிக்கூடம் வேண்டி நின்றவர்; ஆகவே பெண் கல்வி சரித்திரத்தில் அவருக்கு இடம். நாகரத்தினம்மாள் தேவதாசி மரபில் பிறந்து, கன்னடமும் தெலுங்கும் சமஸ்கிருதமும் சங்கீதமும் நாட்டியமும் கற்றுத் தேர்ந்தவர். ஆகவே அவரைப் பாடகி என்ற தலைப்பின் கீழ்ப் போட்டு மூடிவிட்டோம். தஞ்சை மராட்டிய அரசவையைச் சேர்ந்த முத்துப்பழனி என்னும் கவிதாயினி தெலுங்கில் பாடிய ராதிகா ஸாந்த்வனம் என்ற காவியத்தைப் பிறர் அங்கஹீனமாக்கி அச்சிட்டிருந்ததைக் கண்டு சகியாமல், மூலச்சுவடியைத் தேடிப்பிடித்து 1910-இல் முழுமையாகப் பதிப்பித்தவர் அவர். அதில் ஆபாசம் இருக்கிறதென்று பிரிட்டிஷ் சர்க்கார் தடை செய்தது. தடை நீங்க 1947 ஆயிற்று. சுவடி தேடுதல், பாடபேதம் பார்த்தல், முன்னுரையில் வாதிட்டு நிற்றல் என்னும் இவையெல்லாம் பண்டிதர் செய்தால் ஆராய்ச்சி. அதையே ஒரு தாசி செய்தபோது, அவரைப் படித்த பெண் என்று அழைக்கக் கூட அன்றைய சமூகத்துக்கு நா எழவில்லை.

திருவையாற்றில் தியாகப்பிரம்மத்தின் சமாதியை நாகரத்தினம்மாள் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு ஆலயமாக எடுப்பித்த கதை எல்லோரும் அறிந்தது. அங்கே நடக்கும் ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்று அதை அன்று நடத்திய கட்சிக்காரர்கள் விலக்கியபோது, 1927 முதல் பெண்களைக் கொண்டே தனி ஆராதனை நடத்திக் காட்டிய கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இன்று கிளீவ்லாந்தில் 1978 முதல் ஆண்டுதோறும் நடக்கும் ஆராதனைக்கு நியூ ஜெர்ஸியிலிருந்து காரில் குடும்பத்தோடு போய், பஞ்சரத்தினம் பாடும் கூட்டத்தில் தம் பெண்ணையும் உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொள்கிற தாய்மார்களுக்கு, அந்த இடத்தைச் சண்டையிட்டு வாங்கித் தந்தவர் யாரென்று சொல்லியாக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு தர்மசங்கடத்தை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் பெண் கல்வியின் பெருமைக்குரிய சின்னமாக நாம் போற்றும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1886-இல் புதுக்கோட்டையில் இசை மரபில் வந்த சந்திரம்மாளுக்கு மகளாகப் பிறந்து, மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு அமர்ந்து படித்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி, சட்டசபைக்கும் போனவர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் கொண்டுவந்த யோசனைகள் 1947-இல் சட்டமாக நிறைவேறின. அவர் செய்தது மகத்தான காரியம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த யோசனை எழுந்த காலத்தில், நாகரத்தினம்மாள் உள்ளிட்ட சென்னை தேவதாசிகள் அரசாங்கத்துக்கு எழுதிய விண்ணப்பத்தில், எங்களை ஒழிப்பதற்குப் பதிலாகச் சமயத்திலும் இலக்கியத்திலும் கலைகளிலும் எங்களுக்குக் கல்வி கொடுங்கள் என்ற பொருள்படக் கேட்டிருந்தார்கள். கேட்டவர்களும் கல்வியைத்தான் கேட்டார்கள்; மறுத்தவர்களும் கல்வியின் பெயரால்தான் மறுத்தார்கள். சட்டம் வந்தது. அவர்கள் கேட்ட பள்ளிக்கூடம் வரவில்லை. சங்கீதமும் நாட்டியமும் மட்டும் அவர்களுடைய வீட்டிலிருந்து கிளம்பிக் கலாசாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

மறுபுறத்தில், பள்ளிக்குப் போக அனுமதி உண்டு, பாட அனுமதி இல்லை என்றிருந்த வீடுகளும் இருந்தன. காஞ்சிபுரத்தில் 1919-இல் பிறந்த டி. கே. பட்டம்மாளின் தாயார் ராஜம்மாள் நன்றாகப் பாடக்கூடியவர். உறவினர் கூடிய இடத்தில் கூட அவர் வாய் திறந்து பாடக் கூடாதென்பது குடும்ப ஆசாரம். அந்த வீட்டுப் பெண் மேடையேறியதற்குக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் பள்ளித் தலைமை ஆசிரியை அம்முக்குட்டி அம்மாள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. குழந்தையின் குரலைக் கண்டுகொண்டு, தயங்கிய தகப்பனாரிடம் எடுத்துச் சொல்லி இணங்க வைத்தவர் அவர். 1929-இல் பத்து வயதில் சென்னை வானொலியிலும், 1932-இல் ரசிக ரஞ்சனி சபையிலும் பட்டம்மாள் பாடினார். பெண்களுக்கு எட்டாதென்று ஒதுக்கி வைத்திருந்த ராகம் தானம் பல்லவியை மேடையில் பாடி, பல்லவி பட்டம்மாள் என்றே பெயர் பெற்றார். அவருடைய வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் குருமார்களின் பட்டியலை நீட்டிக்கொண்டே போகிறார்கள். அம்முக்குட்டி அம்மாளுக்கு இன்னும் இரண்டு பத்தி கொடுத்திருக்கலாம்.

சென்னை ஜார்ஜ்டவுனில் வீணை தனம்மாள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை தோறும் நடந்த கச்சேரியைப் பற்றி எழுதாத சங்கீத ரசிகர் இல்லை. 1867 முதல் 1938 வரை வாழ்ந்த அந்த அம்மையாரின் வீட்டில், பெண் மக்களும் பேத்திகளும் பதங்களையும் ஜாவளிகளையும் தீட்சிதர் கிருதிகளையும் கேட்டுக் கேட்டே மனத்தில் பதித்துக்கொண்டார்கள். நோட்டுப் புத்தகம் இல்லை, பரீட்சை இல்லை, பாடம் தவறினால் பாட்டி மறுபடி மீட்டமாட்டாள் என்ற பயம் ஒன்றே போதுமானதாக இருந்தது. அவ்வீட்டுப் பேத்திகளில் ஒருவர் பிருந்தா; மற்றொருவர் ஜெயம்மாளின் மகளான பாலசரஸ்வதி. பரீட்சை எழுதிப் பெற்ற பட்டம் ஏதுமில்லாத பாலசரஸ்வதி, 1960-களில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியையாக அழைக்கப்பட்டார். பிருந்தா ஸியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். பாலசரஸ்வதியின் சகோதரர்களான மிருதங்கம் ரங்கநாதனும் புல்லாங்குழல் விசுவநாதனும் வெஸ்லியனிலேயே ஆசிரியர்களாக நிலைத்தார்கள். இவர்களை அழைத்து வந்தவர்களில் முக்கியமானவரான ராபர்ட் பிரவுன், ரங்கநாதனிடம் மிருதங்கம் பயின்று, அவ்வாத்தியத்தைப் பற்றியே ஆராய்ச்சி நூல் எழுதியவர். கமெலானையும் வெஸ்லியனுக்குக் கொண்டுவந்தவர் அவரே. ஆக, தனம்மாள் வீட்டு ஸங்கீதமும் ஜாவா கிராமத்து ஸங்கீதமும் அடுத்தடுத்த அறைகளில் ஒலித்த அந்தச் சூழ்நிலையிலிருந்துதான் பார்பரா பெனரி புறப்பட்டுப் பிஸ்கட்டவேக்கு வந்தார்.

சென்னை ராணி மேரிக் கல்லூரியில் சங்கீதம் பாடமாக வைக்கப்பட்டதும், 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலை அரசரின் இசைக் கல்லூரி தோன்றியதும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் சங்கீதத் துறையைத் தொடங்கியதும், 1949-இல் முசிரி சுப்பிரமணிய ஐயரைத் தலைவராகக் கொண்டு அரசாங்க சங்கீதக் கல்லூரி சென்னையில் ஏற்பட்டதும் தமிழ்ப் பெண்களுக்குப் பெரும் நன்மை செய்தன என்பதை மறுப்பதற்கில்லை. பட்டம்மாளின் தாயாரைப் போல வாய்மூடி இருக்க வேண்டிய அவசியம் அவற்றால் ஒழிந்தது. அந்த அரசாங்கக் கல்லூரியில் பிருந்தாவும் கற்பித்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆனாலும் மொத்தத்தில் பார்த்தால், கிராமத்துத் தாசி வீடுகளில் பாட்டிமாரிடம் இருந்த வித்தையில் எத்தனை பங்கு வகுப்பறைக்கு வந்தது, எத்தனை பங்கு அவர்களோடு மறைந்தது என்று கேட்டால், சுராகர்த்தாவின் கெந்தேர்க்காரிகளுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பட்டம் இல்லாதவரைப் பேராசனத்தில் அமர்த்துவதற்குக் கனெக்டிகட்டுக்கு இருந்த துணிவு நம்மூர்ப் பல்கலைக்கழகங்களுக்கு அந்த அளவுக்கு இருக்கவில்லை.

இனி, இன்றைய பிஸ்கட்டவேக்கு வருவோம். சனிக்கிழமை காலையில் இவ்வூரின் எந்தத் தமிழர் தெருவில் நடந்தாலும், ஏதாவது ஒரு வீட்டின் பேஸ்மென்ட் ஜன்னல் வழியே சரளி வரிசை கேட்கும். பாட்டு டீச்சர் என்று குழந்தைகள் அழைக்கும் அந்த அம்மாள் பெரும்பாலும் பகலில் கம்ப்யூட்டர் கம்பெனியிலோ மருந்துக் கம்பெனியிலோ உத்தியோகம் பார்ப்பவர். இன்ஜினீயரிங் பட்டமும் சங்கீதமும் ஒருங்கே கைவரப் பெற்றவர். சுவரோரம் கழற்றிவிட்ட செருப்புகளும் ஸ்னோ பூட்ஸும் குவிந்திருக்கும். டெலிபோனிலிருந்து சுருதி ஒலிக்கும். ஏழெட்டுச் சிறுமிகளும் ஒரு சிறுவனும் ஜமக்காளத்தில் அமர்ந்து ஜண்டை வரிசையை மூன்று காலத்தில் பாடிக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் காலத்தில் ஒரு பெண் தாளம் தவறினால் டீச்சர் பாட்டை நிறுத்துவதில்லை. தம் தொடையில் தாளத்தைச் சற்று உரக்கப் போடுவார், அந்தப் பெண்ணும் நிமிர்ந்து பார்த்துச் சேர்ந்துகொள்வாள். ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் ஒரு ஜாதிப் பெண்ணுக்கும் சங்கீதம் இன்னொரு ஜாதிப் பெண்ணுக்கும் என்று பங்கிட்டிருந்த இரண்டும் இந்தக் கீழ்த்தள அறையில் ஒரே பெண்ணிடம் வந்து கூடியிருக்கின்றன. இது சாமான்யமான மாறுதல் அன்று.

அந்த மாறுதலின் நடுவே ஒரு குறையையும் காண்கிறேன். காலேஜ் விண்ணப்பத்தில் ஒரு வரிக்காகவும், அரங்கேற்ற மண்டபத்தின் ஆடம்பரத்துக்காகவும் சங்கீதம் கற்கப்படுகிறது என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை, எந்தக் காரணத்துக்காகக் கற்றாலும் வித்தை வித்தைதான். குழந்தைகளுக்குக் கிருதி தெரிகிறது, ராகம் தெரிகிறது, மும்மூர்த்திகளின் பெயர் தெரிகிறது. அந்தக் கிருதியை நூறு வருஷம் வீட்டுக்குள் வைத்துக் காத்த பெண்களின் பெயர் தெரியவில்லை. அதைத்தான் குறை என்கிறேன். ஜாவாச் சிறுமிக்குக் கார்த்தினியைத் தெரியும், கெந்தேர் வாசித்த பாட்டியைத் தெரியாது. நம் சிறுமிக்கு முத்துலட்சுமி ரெட்டியைத் தெரியலாம், நாகரத்தினம்மாளையும் தனம்மாளையும் தெரியாது.

ஆகவே இவ்வட்டாரத்தின் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் அன்பர்களுக்கும் பாட்டு டீச்சர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஏப்ரல் மாதம் கார்த்தினி தினம் வருகிற வாரத்தில், அவரையும் ஐந்தரை மாதம் மூத்த நாகரத்தினம்மாளையும் ஒரே பாடமாக வைத்து ஒரு வகுப்பு எடுங்கள். பார்பரா பெனரியின் எஃகுக் கமெலான் எந்தக் கல்லூரியில் தோன்றியது என்பதையும் அதில் சேர்த்துச் சொல்லுங்கள், தங்கள் ஊர்ப் பெயர் வந்தால் குழந்தைகள் காதைக் கூர்மையாக்கிக்கொள்வார்கள். பெரிய பிள்ளைகளை இலையுதிர் காலத்தில் வெஸ்லியனில் 1976 முதல் நடந்துவரும் நவராத்திரி விழாவுக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். அப்படியே அங்குள்ள கமெலானையும் காட்டுங்கள். இங்கிருந்து வெஸ்லியன் இருக்கும் மிடில்டவுன் நகரத்துக்குச் சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் காரில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரந்தான் ஆகும்.